ட்ரிப், இறந்தகாலம்

கீழக்கரையில் என் கடையில்
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்.
இங்கிலீஷில் வந்ததை வாசித்துச் சொல்ல மட்டும்
காசு வாங்குவதில்லை.
பாதிக்கு மேல் கெட்ட செய்தி,
அதற்குக் கூலி கேட்க வாய் வராது.

பெரியபட்டினத்திலிருந்து மதிய பஸ்ஸில்
ஜெய்த்தூன் வந்தாள்,
செருப்பில் ஈர மணலோடு.
போனை நீட்டினாள். தம்மாம் கம்பெனி மெயில்,
ஏழே வரி.
"எழுத்துக்கூட்டிப் பாத்தேன் ராத்தா,
ஒரு சொல்லு மட்டும் விளங்குச்சு.
மச்சான் ட்ரிப் போயிருக்காகளா?
அதான் மூணு நாளா போன் எடுக்கலையா?"

ட்ரிப் அவள் வீட்டுச் சொல்.
கல்யாணமான புதிதில் சீனி இபுராகீம்
டாட்டா ஏஸ் ஓட்டினான்,
மண்டபத்திலிருந்து நண்டும் ஐஸும்.
இன்னைக்கு நாலு ட்ரிப் என்று வந்தால்
ராத்திரி பரோட்டா.
ஒண்ணுதான் என்றால்
அவள் அதற்குமேல் கேட்கமாட்டாள்.
உப்புக்காற்றில் மோட்டார் நின்றால்
எலக்ட்ரீஷியன் சொல்வதும் அதே.
அவள் உம்மாவுக்கு ராமநாதபுரத்தில்
கை மாற்றிக் கை மாற்றி ஏற்றியதும்
ட்ரிப்ஸ்தான்.
ஒரே சொல்லுக்குள் இத்தனை பேர் குடியிருக்க
நான் இன்னொருவனை
உள்ளே அனுப்ப வேண்டும்.

மெயிலில் இருந்தது வினைச்சொல்.
டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்கிற பழக்கத்தில்
ஆரம்பித்துவிட்டேன்:
"இது போறது இல்ல ஜெய்த்தூன்,
இது வேற. இது இறந்த..."

காலம் என்ற மிச்சம்
தொண்டையிலேயே நின்றது.
அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்காக! இருக்காக! நல்லா இருக்காக!"
நிகழ்காலத்தில் மூன்றுமுறை கத்தினேன்.
ஜெராக்ஸுக்கு நின்ற பையன்
ஆதார் அட்டையோடு திரும்பிப் பார்த்தான்.

கேபிள் தடுக்கி விழுந்திருக்கிறான்.
இடது கணுக்கால். தகடு வைத்தாயிற்று.

வெகுநேரம் பேசவில்லை அவள்.
பிறகு கோபம் வந்தது, கம்பெனி மேல் இல்லை.
"போறதுக்கும் தடுக்கி விழறதுக்கும்
ஒரே சொல்லையா வச்சிருக்கான்?
அம்புட்டுப் பஞ்சமா அவனுக்கு?"

அகராதியைத் திறந்து பார்த்தேன்.
துள்ளி நடப்பது,
ஆடுவதுபோல் காலெடுத்து வைப்பது
என்றுகூட ஒரு பழைய பொருள் இருந்தது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசி வரியைத்தான் சொன்னேன்:
தொழிலாளி கவனமின்றி இடறியதால்
நஷ்டஈட்டுக்கு இடமில்லை,
சம்மதமெனில் பதில் அனுப்பவும்.

"யாரு இடறுனது?"
"இதுல அவருதான் இடறுனாருன்னு இருக்கு."
"கேபிளு?"
"கேபிள் சும்மா கிடந்துச்சு."
"நடக்குற வழியில
அது எதுக்குச் சும்மா கிடந்துச்சு?
கேபிள் தடுக்குச்சுன்னுதான ராத்தா நம்ம சொல்லுவோம்,
கல்லு தட்டிருச்சு, படி வாரிருச்சுன்னு?
அப்புடியே எழுதுங்க.
கேபிள் முன்னால வரட்டும்,
மச்சான் பேரு பின்னால வரட்டும்."

அந்த மொழியிலும் அப்படி எழுதலாம்.
அதே ட்ரிப்தான்,
ஆளைத் தள்ளிவிட்டு
கேபிளை வாக்கியத்தின் தலையில் வைத்தால் போதும்.
எட்டு வருடம் எழுவாய் பயனிலை நடத்தியும்
எனக்குத் தோன்றாதது.
தட்டினேன்.
சிவப்புக் கோடு விழவில்லை.

நாலரை பஸ்ஸுக்கு அவள் போனாள்,
வேண்டாமென்றும் மேசையில்
இரண்டு ரூபாய் வைத்துவிட்டு.

பதில் இன்னும் வரவில்லை.

கடையைப் பூட்டுமுன்
பிரிண்டர் வயரைச் சுவரோரம் தள்ளி
டேப் ஒட்டினேன்.
மூன்று வருடமாக
தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன்.
தாண்டுவதற்குப் பழைய தமிழில்
இறத்தல் என்று பெயர்.