ஏத்தம், வத்தம்

ஐந்து கிலோ மட்டி, ஓட்டோடு.
காத்தாயி சிமெண்ட் சாக்கை இறக்கினால்
ஆய்வகத் தரை பாமணியாற்று முகம் ஆகிவிடும்.
துடைப்பத்தோடு ஆள் வந்து நிற்பார்.
அவள் கண்டுகொள்வதில்லை.
"செத்தது மூணு இருக்கும், கழிச்சுக்க."
எண்ணிப் பார்த்தால் மூன்றுதான்.

ஓட்டைப் பிளந்து, சதையை அரைத்து,
அசிட்டோனில் கொழுப்பைக் கழற்றி,
உப்பு மட்டும் கசியும் மெல்லிய பையில் கட்டி
மூன்று நாள் நீரில் தொங்கவிடுவேன்.
பிறந்ததிலிருந்து கடலைக் குடித்த ஒன்றிடம்
கடலைத் திருப்பிக் கேட்கிற வேலை.
மிஞ்சுவது
ஒரு சிட்டிகை வெளிர்மஞ்சள் பொடி.

எலிகளுக்குத் தேங்காயெண்ணெயும் முட்டைக்கருவும்;
இரண்டு மாதம் கல்யாண வீட்டுச் சாப்பாடு.
பிறகு பொடியைக் கரைத்து ஊட்டினோம்.
இருநூற்றுப் பத்தில் இருந்த கொலஸ்ட்ரால்
நூற்று நாற்பதுக்கு வந்த அன்று
பேராசிரியர் எல்லோருக்கும் டீ சொன்னார்.
வாலில் பட்டை சுற்றி அளந்த பிரஷரும் இறங்கியிருந்தது.
பதினாலாம் எலிக்கு மட்டும் இறங்கவேயில்லை.
அட்டவணையில் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு
அடிக்குறிப்பில் உட்காரவைத்தேன்.

கூண்டைப் பார்த்தபடி காத்தாயி கேட்டாள்:
"எனக்கும் பிரஷர்தான். ஒரு ஸ்பூன் குடேன்."
இது மருந்து இல்லை அக்கா.
"எப்ப ஆவும்?"
ஆகாமலும் போகலாம்.
"அப்ப நான் பொறுக்குனது?"

பதில் கிடைக்காமல்
மேசையிலிருந்த கருவியை எடுத்து
அவள் புஜத்தில் பட்டையைக் கட்டினேன்.
காய்ந்த சேறு பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது.
நூற்றெண்பது. கீழே நூற்றுப் பத்து.
"ஏத்தம் நூத்தியெம்பது, வத்தம் நூத்திப்பத்தா?
வத்தத்துலயே இம்புட்டுத் தண்ணி நின்னா
எங்கன எறங்கி மட்டி எடுக்குறது!"
அவளே சிரித்துக்கொண்டாள்.

மாத்திரை?
தொண்டியக்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்
வாங்கிக்கொண்டுதான் இருந்தாளாம்.
நிறுத்தி ஐந்து மாதம்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
சாக்கை உதறி மடித்து அவள் கிளம்பும்வரை
நானும் கேட்கவில்லை.

"காலு வீங்குது பாப்பா.
வீங்குன காலு சேத்துல எறங்குனா
சொன்ன பேச்சு கேக்காது.
ஒருநா முட்டிக்கு மேல மாட்டிக்கிட்டு
உருவ உருவ வரல, ஏத்தம் வந்துருச்சு.
அன்னைக்கே அட்டைய
அலையாத்தி வேருல சொருகிட்டு வந்துட்டேன்."

என் ஆய்வேட்டில் நூற்றிருபத்தாறு மேற்கோள்கள்.
ஒன்றிலும் இந்தக் கால் இல்லை.
மாத்திரையின் பேர் சொன்னாள், பாதி சரியாக.
சிலருக்குக் கணுக்காலை வீங்கவைப்பதுதான் அது.
மாற்றிக் கொடுக்க வேறு இருக்கிறது,
இலவசமாக, அநேகமாக அதே அலமாரியில்.
ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன்:
'டாக்டர், இவருக்குக் கால் வீங்குகிறது.
சேற்றில் நிற்கிற வேலை.
வேறு மாத்திரை தர முடியுமா?'

அடுத்த வாரம் மட்டி வரவில்லை.
அமாவாசை வத்தம்; அவள் விடுகிற நாளே இல்லை.
பட்டினிக் கூண்டு போல இருந்தது ஆய்வகம்.
சீட்டை யாராவது தூக்கி எறிந்திருப்பார்களா,
சேறு இந்த முறை இடுப்பைப் பிடித்ததா,
எதையெதையோ யோசித்தபடி
பதினாலாம் எலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வியாழன் வந்தாள். ஆறு கிலோ.
என் ஸ்டூல் மேல் கணுக்காலைத் தூக்கி வைத்து
கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள்:
"குழி விழுதா பாரு."
விழவில்லை.
கையையும் நீட்டினாள், தானாகவே.
நூற்றைம்பத்தாறு. இன்னும் வற்ற வேண்டும்.

"ஆஸ்பத்திரில கூட்டம். ரெண்டு வத்தம் போச்சு.
அதுக்கும் சேத்துப் போட்டுக் குடு."

கொடுத்தேன்.
செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் காட்டுவது என்று தெரியாமல்
எலித் தீவனம் என்று எழுதினேன்.