முள் அன்னமுன்னா

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி ஒழுங்கையில்
என்ர போட்டோக்கொப்பிக் கடை.
பின்மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும்
முள் அன்னமுன்னா.
கடல் தாண்டி வந்த சாதி என்பார்கள்;
எந்தக் கடல் என்று நான் கேட்டதில்லை.

றோட்டுப் பக்கக் கிளையில் இலை நிற்காது.
அவிச்சுக் குடிச்சால் கரைஞ்சு போகுமாம்,
ஆரோ போனில் அனுப்பினது.
டொக்டர்மார் அப்படிச் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
"பிடுங்கலாமோ?" என்று கேட்கிற முகத்துக்கு
தலையைத்தான் ஆட்டலாம்.

விசுவமடுவில் இருந்து வரும் குலவீரன்
எண்ணித்தான் எடுப்பார். பன்னிரண்டு.
பதின்மூன்றாவது கையோடு வந்துவிட்டால்
கிளைக் கவட்டில் வைத்துவிட்டுப் போவார்,
திருப்பி ஒட்டும் என்பதுபோல.

ஆவணி முதல் வெள்ளி
இலை கேட்கவில்லை.
"பழம் கிடக்கோ? இனி
விரும்பினதைக் குடுக்கட்டாம்."

அடிமரத்தில் ஒன்று தொங்கியது,
முள்ளுக்கு முள் இன்னும் இடைவெளி விடாமல்.
"இரண்டு நாள் பொறுங்கோ" என்றேன்.
என்ர வாய்.
பிடுங்கி அரிசி வாளிக்குள் வைத்தேன்.
ஞாயிறு கனிந்தது.
திங்கள் மை மணத்தையும் மீறிக் கடை முழுக்க அது.
செவ்வாய் தோல் வெடித்து
வெள்ளையாய் வழிந்தது அரிசிக்குள்.

புதன் வந்தார்.
"ஆறு கொப்பி."
கண்ணாடியில் தாளைக் கவிழ்த்தேன்.
சுகிர்தமலர் என்ற பெயருக்குக் கீழால்
ஆறு தரம் போய் வந்தது பச்சை வெளிச்சம்.
காசு வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை,
எண்ணித்தான் வைத்தார்.

படியிறங்கி மதிலை அண்ணாந்து பார்த்தார்.
"தளிர் விட்டிருக்கு.
ஒரு கிழமைக்கு
ஒருத்தரையும் தொட விடாதேங்கோ."