அந்தரம்

பீல் நகரில், கால்வாய் ஓரத் தியேட்டரில்
மூன்று வாரமாய் ஓடுகிறது அந்தப் பேய்ப்படம்.
நான் இருந்து பார்த்ததில்லை.
கதவடியில் நின்று தொடக்கம்,
குப்பைப் பையோடு நடு,
முடிவை மட்டும் பதினான்கு தரம்.

நல்லதை முதலில் சொல்கிறேன்.
பேய் வருமுன் வருகிற அரைமணி நேரம் அருமை.
தாய் உருளைக்கிழங்கு சீவுகிறாள்.
மேல்மாடியில் மகள் நடக்கிறாள்.
சுடுநீர்க் குழாய் ஒருமுறை இருமுகிறது.
அவ்வளவுதான்.
கத்தி நின்ற இடத்தில் எனக்கும் மூச்சு நின்றது.

பிறகு பாதிரியார் வருகிறார்,
கழுத்தில் பச்சைப் பட்டை.
மன்னாரில் எட்டு வருடம் பூசைக்கு மணி அடித்தவன் நான்.
பேய் ஓட்ட ஊதா.
பச்சை சும்மா ஞாயிற்றுக்கிழமைக்கு.
மனிதருக்குத் தெரியாவிட்டாலும் பேய்க்காவது தெரிந்திருக்க வேண்டும்,
அதுவும் கண்டுகொள்ளவில்லை.

அது லத்தீன் பேசுகிறது.
கீழே பிரெஞ்சில் ஒரு வரி, ஜெர்மனில் ஒரு வரி;
இந்த ஊரில் தெருப்பெயருக்கும் இரண்டு நாக்கு.
பிரெஞ்சில் பேய் பாதிரியாரை 'நீங்கள்' என்கிறது.
ஜெர்மனில் 'நீ'.
ஒரே வாய், ஒரே எச்சில்.
எங்கட பேயெண்டால் 'நீர்' எண்டிருக்கும்,
மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை,
கடன் கேட்க வந்த மச்சான் மாதிரி.
மண்டபத்தில் நான் மட்டும் சிரித்தேன்.

சுவரில் பல்லியாய் ஏறுவது பழசு.
சிலுவை தலைகீழாவது அதைவிடப் பழசு.
சத்தத்தைக் கூட்டிப் பயம் காட்டுவதைக்
கடைசி பஸ்ஸில் வருகிற குடிகாரனும் செய்வான்.

ஆனால் இயக்குநர் எடுக்காத காட்சி ஒன்று உண்டு.
இங்கே படத்தை நடுவில் நிறுத்தி ஐஸ்கிரீம் விற்பார்கள்.
நிறுத்துகிற இடத்தில்
பெண் கட்டிலுக்கு மேலே மூன்றடி உயரத்தில்.
லைட் வரும். திரைச்சீலை மூடும்.
சனம் எழும்பிக் காலை உதறி
மூத்திரத்துக்குப் போகும்.
நான் சோளப்பொரி கூட்டுவேன்.
சீலைக்குப் பின்னால் அவள்
ஏற்றவும் ஆளில்லாமல், இறக்கவும் ஆளில்லாமல்
பத்து நிமிடம்.
அந்தரம் என்றால் எங்களுக்கு
ஆகாயத்துக்கும் தரைக்கும் நடு மட்டுமில்லை,
கடிதப்பெட்டியைத் திறக்கிற கைக்கும் அதே சொல்தான்.
என் கடிதம் வர ஆறு வருடம் எடுத்தது.
அந்தப் பத்து நிமிடத்தில்
நான் சீலைப்பக்கம் பார்ப்பதில்லை.

செனாயித் என்னோடு வேலை செய்கிறவள், எரித்திரியாக்காரி.
ஒரு நாள் தும்புத்தடியில் சாய்ந்து முடிவுவரை பார்த்தாள்.
"எங்கள் கோயிலில் சனிக்கிழமைகளில்
இதற்கு வரிசை நிற்கும்," என்றாள்.
"வாளியால் தண்ணி ஊற்றுவார்கள். கத்துவார்கள்.
பிறகு துவாய் கொடுப்பார்கள், ரொட்டி கொடுப்பார்கள்.
இந்தப் பிள்ளை இவ்வளவு கத்தினாள்,
ஒரு கோப்பைத் தண்ணி கொடுத்தானா ஒருத்தன்?"

அடுத்த காட்சிகளில் தேடிப் பார்த்தேன்.
இல்லை.
பாதிரியார் பெயரைக் கேட்கிறார், பதினொரு தரம்.
என்ன வேணும் என்று ஒருதரமும் கேட்கவில்லை.
படத்தின் பெரிய ஓட்டை அதுதான்.
பெயரைச் சொன்னதும் பேய் போய்விடுகிறது,
பதிவேட்டில் ஏற்றி மூடின மாதிரி.
கடைசியில் திரை நிறையப் பாதிரியாரின் வியர்த்த முகம்.

அந்த முகத்துக்குப் பின்னால், மங்கலில்,
கட்டில் ஓரம் அவள் கிடக்கிறாள்.
மெல்ல உதட்டை நக்குகிறாள்.
யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்,
அந்த நடிகைக்குத் தெரிந்திருக்கிறது.
முழுப் படத்திலும் அதுதான் உச்சம்.
அதற்குள் எல்லாரும் கோட்டுக்குக் கை நீட்டியிருப்பார்கள்.

ஐந்துக்கு நான் மூன்று கொடுப்பேன்.
செனாயித் இரண்டு.
தண்ணிக்காக ஒன்று வெட்டினாளாம்.