பதினேழாயிரத்தில் ஒன்று

சட்பரியில், எங்கள் இரட்டை வீட்டின் நிலவறையில்
நாலு வருடமாய் ஒரு கணினி அணையாமல் ஓடுகிறது.
பேரேடு முழுதும் அதனுள்.
பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம்:
யாரோ யாருக்கோ கொடுத்தது,
பெயரில்லாமல், பிழையில்லாமல்.

காசு வராது. மின்கட்டணம் என் தலையில்.
"பிறகேன்?" என்பாள் தங்கை கௌசலா, தொலைபேசியில்.
அவளுக்கு ஞாபகமில்லை.
எங்கள் சங்கத்தில் ஒரே ஒரு பேரேடுதான் இருந்தது.
அது எரிந்த மறுநாள்
அப்பாவின் ஒன்பதாயிரத்துக்கு
முகாமையாளர் இரண்டு கையையும் விரித்தார்.
உள்ளங்கையில் கரி இருந்தது.

அதே பேரேடு பதினேழாயிரம் வீடுகளில் இருந்தால்
எவன் எரிப்பான், எத்தனையை எரிப்பான்?
நகர நூலகத்தில் எட்டுப் பேருக்கு விளக்கினேன்:
"ஒருவர் விழுந்தாலும் நிற்கும்.
யார் விழுந்தார் என்று பார்க்கக்கூடத் தேவையில்லை."
கைதட்டினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரெய்யோ.
முப்பத்தொரு வருடம் நிக்கல் சுரங்கத்தில் இருந்தவர்.
விசிறி இரைச்சல் என்று ஓகஸ்டில் நகரசபைக்கு இரண்டு கடிதம்.
"நீயும் சுரங்கமாமே, நகத்தில் அழுக்கைக் காணோமே?"
நான் தோண்டுகிறவன் இல்லை, கணக்குச் சரிபார்க்கிறவன் என்றேன்.
"அது இன்னும் மோசம்" என்றார்.

பெப்ரவரியில் மழை விழுந்தபடியே உறைந்தது.
கம்பிகள் அறுந்தன. தெரு இருண்டது.
மிச்சமிருந்த பற்றரியில் போனைத் திறந்து பார்த்தேன்:
வரைபடத்தில் வட ஒன்ராறியோவில் என் புள்ளி இல்லை.
பேரேடு பக்கம் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது.
நான் சொன்னது சரி.
சரியாகச் சொன்னவன்
மூன்று போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தேன்.

இரண்டாம் இரவு கதவு இடிபட்டது.
நெற்றியில் பழைய சுரங்க விளக்கு,
காலில் சோடி பொருந்தாத சப்பாத்து.
"சத்தம் நின்றுவிட்டது" என்றார் ரெய்யோ.
"கீழே விசிறி நின்றால்
நாங்கள் முதலில் ஆளை எண்ணுவோம்."
விளக்கை என் முகத்தில் அடித்தார்.
"ஒன்று" என்றார்.
திரும்பிப் போனார்.

விடிய நாலுக்கு மின்சாரம் வந்தது.
விடுபட்ட இருநூற்றுப் பதினான்கு பக்கங்களை
முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டு
கணினி நிரப்பிக்கொண்டது.
அவர் வந்துபோனதற்கு
எந்தப் பக்கத்திலும் பதிவு இல்லை.

விசிறி இரைந்தது.
சுவரில் இரண்டு தட்டு.
முறைப்பாடா என்று நான் கேட்கவில்லை.
நானும் இரண்டு தட்டினேன்.