பெட்டியின் விலை

இசிப்பிங்கோவில்
கனரக வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை.
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவள் நான்,
பதினேழு வருஷமாய்.
வருகிறவர் என்ன ஆட்கள் என்று கேட்டதில்லை.
என்ன வண்டி என்று கேட்பேன்,
மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

தயாபரன் படையாச்சி ஸ்கானியாக்காரர்.
கழுகு மூக்கோடு கிரீடம் வைத்த அந்தத் தலையை
யாளி என்பார்.
தொப்பியில் யாளி, வீட்டு இரும்புக் கேட்டில் யாளி.
மூத்தவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு
டிரெய்லர் கழற்றிய லாரியில்தான்,
முகப்பு முழுக்கச் செவ்வந்தி.

அவர் சகலை குணாளன் மூட்லி எதிர்க்கட்சி.
பெயரில் மான், நெற்றியில் சிங்கம்,
ஒரு வண்டிக்கு இதைவிட என்ன வேணும் என்பார்.
எது எதைத் தின்றது என்று படையாச்சி சிரிப்பார்.
மான்தான் தின்றது.
பியூசிங் என்றொரு பழைய கம்பெனியை விழுங்கி
அதன் சிங்கத்தை எடுத்து ஒட்டிக்கொண்டது.
யாரும் கேட்காததால் நான் சொன்னதில்லை.

அக்கா தங்கையைக் கட்டியவர்கள்,
இருபத்திரண்டு வருஷத்தில்
ஒரு ஜாக்கிகூடக் கைமாறியதில்லை.
வான் ரீனன் ஏற்றத்தில் ஒருவரை ஒருவர் முந்தினால்
அந்த ஞாயிறு விருந்தில் வேறு பேச்சு இருக்காது.

ஆகஸ்டில் ஒரு வியாழன்.
மூயி ரிவர் சுங்கச் சாவடிக்கு அப்பால்
இருபத்தெட்டு டன் ஆரஞ்சோடு யாளி முனகி நின்றது.
டிரைவர் ம்லுங்கிசி போனில் சொன்னான்:
புகைக்குழாய் சென்சார், இழுவை பாதிதான்,
கப்பல் சனிக்கிழமை.
யாளிப் பெட்டி கையிருப்பு இல்லை,
செவ்வாய்தான் வரும்.
சிங்கப் பெட்டி இரண்டு இருந்தது.

ஒன்றைப் பிரித்துக் காட்டினேன்.
அதே வார்ப்பு, அதே எண்,
கடைசி எழுத்து மட்டும் வேறு.
அண்ணே, ரெண்டு கம்பெனிக்கும் மேலே ஒரே கம்பெனி,
ஜெர்மனியில். கார் விற்கிறார்களே, அவர்கள்.
நீங்க போடுற காசும் அவர் போடுற காசும்
ஒரே கல்லாவில்தான் விழுது.

படையாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
சகலை வீட்டுல சோறு திம்பேன்,
சகலை வண்டிச் சாமானைத் தொடமாட்டேன்.

அவர் போன் பேச வெளியே போனார்.
குப்பைக் கூடையில் ஒரு யாளிப் பெட்டி கிடந்தது,
நசுங்காமல்.
உள்ளே வைத்தேன். டேப் ஒட்டினேன்.
பின்கட்டில் ஒண்ணு இருந்துச்சு அண்ணே.
உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.
எடையே சொல்லுது பாரு, என்றார்.

அறுநூற்று நாற்பது ராண்ட் அதிகம் வாங்கினேன்.
அவர் பெட்டிக்குத்தான் கொடுத்தார்,
பெட்டியைக் கொடுத்தேன்.

ஆரஞ்சு கப்பலேறியது.
திங்கட்கிழமை மூட்லி வந்து கவுண்டரில் சாய்ந்தார்:
யாளி நடுரோட்டுல படுத்துக்கிச்சாமே?
மான் படுக்காது.
மிச்சமிருந்த சிங்கப் பெட்டியை
முன்ஜாக்கிரதையாய் வாங்கிப் போனார்.

எங்கள் பலகையில் இன்னும் வேலு அண்ட் சன்ஸ்.
சன்ஸில் ஒருவர் பெர்த்தில், ஒருவர் இல்லை.
நாலு வருஷமாய்ச் சம்பளச் சீட்டில்
சாண்டனிலிருந்து மூன்றெழுத்து.
போன மாதம் அதற்கும் மேலே இன்னொரு பெயர்,
எனக்கு வாயில் நுழையவில்லை.
சட்டை நிறம் மாறியது. பலகை மாறவில்லை.
பெயருக்கும் சேர்த்தே விலை கொடுத்தார்களாம்.

எதிர்வரிசைப் புதுக்கடையிலிருந்து ஆள் வந்தது.
இரண்டாயிரம் கூட, சனிக்கிழமை அரைநாள்.
யோசிக்கக்கூட இல்லை நான்.
நாங்க வேலு கடைக்காரங்க, என்றேன்.
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

கவுண்டருக்கு அடியில்
காலியான சிங்கப் பெட்டி ஒன்று கிடக்கிறது,
பிரித்த இடத்தில் கிழியாமல்.
கூட்டுகிற பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்
அதைப் போட்டுவிடாதே என்று.