ஓடு

ஒனோஃப்ரே வண்டியை நிறுத்துவதே இல்லை.
உருட்டிக்கொண்டே போவார்.
பின்னால் என் வால்டெசி ஓடுவான்,
இரண்டு கையிலும் பெலோட்டாஸ் நகரத்தின் மிச்சம்:
மாத்தே சக்கை, பீச் கொட்டை,
ஞாயிறு சுட்ட இறைச்சியின் எலும்பு.
வீசு, ஓடு, எடு, ஓடு.
இரவுக்குப் பதினெட்டு கிலோமீட்டர், பத்தொன்பது வருடம்.
அதை யாரும் உடற்பயிற்சி என்றதில்லை.
குப்பைவண்டி வந்துவிட்டது என்றார்கள், அவ்வளவுதான்.

நான் பல்கலைக்கழகத்தின் நிலவறையில்
எலிகளுக்கு மரத்தூள் மாற்றுகிறவள்.
இடப்பக்க வரிசையில் சக்கரம் சுற்றும்.
வலப்பக்கத்தில் சக்கரம் உண்டு,
கம்பி செருகிப் பூட்டியிருக்கும்.
ஆறு வாரம் இப்படி.
பிறகு பக்கத்து அறையில்
ஒரு சின்னத் தண்டு வந்து தலையில் இடிக்குமாம்.
நான் பார்த்ததில்லை. அந்தக் கதவுச் சாவி என்னிடம் கிடையாது.
எனக்குத் தெரிவது மறுநாள் மரத்தூள்தான்:
எது தின்றது, எது மூலையில் சுருண்டது,
எது காகிதம் கிழித்து மறுபடி கூடு கட்டியது.
ஓடியவை சீக்கிரம் கட்டின.
பெரும்பாலும்.

ஆராய்ச்சிப் பெண் கெசியா சொல்வாள்,
ஓடிய உடம்பு அடி விழுமுன்பே எதையோ சேர்த்துவைக்கிறது,
வீக்கம் அடங்கி வரக்கூடும்,
குடலும் தசையும்கூடத் தாங்கக்கூடும்.
'கூடும்' இல்லாமல்
அவள் ஒரு வாக்கியம் முடித்து நான் கேட்டதில்லை.

ஜூலை மழை. படிக்கட்டுத் தகடு வழுக்கியது.
நடைபாதைக் கல்லின் விளிம்பு.
மண்டை ஓட்டில் முடி கனத்துக்கு ஒரு கோடு,
படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்கள்.
பதினோரு நாள் கண் திறக்கவில்லை.
ஆனால் ராத்திரி இரண்டு மணி ஆனால்
போர்வைக்குள் கால் ஆடும்.
கட்ட வந்த செவிலியிடம் சொன்னேன்,
விடு அம்மா, இது வண்டி வரும் நேரம்.
அவன் காதில் வேறென்ன சொல்ல?
ஓடு என்றேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
அந்த நாட்களில் ஓர் இரவு, முப்பத்தொன்றாம் கூண்டில்,
வலப்பக்கம், கம்பியை உருவினேன்.
எலி முகர்ந்தது. ஒரு கால் வைத்தது.
சக்கரம் நகரவும் பயந்து பின்வாங்கியது.
பிறகு ஏறியது.
ஏழு நிமிடம். சுவர்க் கடிகாரம் சாட்சி.
கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு
வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.
கெசியாவின் கணக்கில் ஓர் எண் பிசகியிருந்தால்
அது நான்.

வால்டெசி எழுந்தான்.
கிழமை மறக்கிறது, தங்கை பெயர் நழுவுகிறது,
கால் நிற்கிறது.
வாசனை மட்டும் போய்விட்டது, முழுதாக.
பத்தொன்பது வருடம் முன்னால் போயிருக்கலாமே என்று
அவனே சிரித்தான்.
நல்ல இதயம், நல்ல கால்,
அதுவும் உதவியிருக்கக்கூடும் என்றார் மருத்துவர்.
இந்தக் 'கூடும்'-ஐச் சம்பளத்தில் சேர்ப்பார்களா என்று கேட்டான்.
அவருக்குப் புரியவில்லை.

ஜுராண்டிரும் இதே வண்டி.
இதே தெருக்கள், இரண்டு வருடம் கூடுதலாகவே ஓடியவன்.
போன ஈஸ்டர் வாரம் விழுந்தான்.
எழவில்லை.
அவன் மனைவி மார்லெட்டி வியாழன்தோறும் வருவாள்,
இரண்டு கரண்டி சர்க்கரை கேட்பாள்,
வால்டெசி நடப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.
கெசியா சொன்னது எதையும்
நான் அவளிடம் சொல்வதில்லை.

இப்போது மணி இரண்டு.
முனையில் ஒனோஃப்ரேயின் ஹார்ன்.
வெறுங்காலோடு கதவருகே நிற்கிறான்,
குதிகால் தரையிலிருந்து ஒரு விரல் உயர்ந்து,
இறங்கி, உயர்ந்து.
அடுப்பில் காபி தீய்கிறது.
எனக்கு மட்டும் தெரிகிறது.