மேலங்கி

மாலை ஆட்டம் முடிந்து
மணிமேடையிலிருந்து மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில்
பிரைட் சிங் ஆரம்பித்தான்:
"லேய், அந்த மேலங்கி ஏன் நனையல?"

கடலுக்கடியில் பதினேழு நிமிடம் சண்டை
(மணி பார்த்திருக்கிறான், பாவி).
மேலே வந்த நொடியில் படபடக்கிறது,
இஸ்திரி போட்ட வேட்டிபோல.

வேற்றுக்கிரகத் துணி என்றேன்.

"எந்தக் கிரகமானாலும்
ஐப்பசியில ஒரு ஜட்டி காய
மூணு நாளு ஆவும் மக்கா."

அடுத்தது முகமூடி.
கண்ணைச் சுற்றி நாலு விரல் கறுப்புத் துணி,
கட்டினவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.
கருங்கல்லில்
ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் மாட்டி
இரவல் வண்டியில் போனவனை
"ஸ்டெல்லா டீச்சருக்க மூத்தவன்லா"
என்று முதுகைப் பார்த்தே சொல்கிற
தெருவில் பிறந்தவன்.
எப்படிப் பொறுப்பான்?

ஹெலிகாப்டரை வாலைப் பிடித்து நிறுத்தினானே, அது?
"வாலு கையில வரும். மிச்சம் கீழ போவும்.
கருவாட்டத் தூக்கிப் பாரு, தெரியும்."

சைரன் ஊதி நகரமே காலி.
பேக்கரியில் மட்டும் ஒருத்தன் பப்ஸ் தின்கிறான்.
"அது நீதாம்ல" என்றேன்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
ஒரு நாய் எழுந்து
இடம் மாறிப் படுத்தது.

சாயாக்கடையில்
பழம்பொரியின் எண்ணெயைத் தினத்தாளில் ஒற்றியபடி
சொன்னான்:
"எல்லாத்தையும் விடு, பறக்கட்டும்.
கொக்கி எங்க?"

வாரத்தில் ஆறு நாள்
முப்பந்தலில் காற்றாடிக்குள் ஏறுகிறவன்.
எண்பது மீட்டர். இடுப்பில் வார்,
வாரில் இரண்டு கொக்கி.
ஒன்றை மாட்டாமல் மற்றதைக் கழற்றக் கூடாது.
உச்சியில் மூடியைத் திறந்தால்
காற்று தள்ளாதாம்,
இழுக்குமாம்.

"அங்க வந்து மேலங்கி போடச் சொல்லு.
றெக்கையில சுத்திக்கிடும்.
இடைவேளைக்கு முன்னாலயே படம் தீந்துரும்."

பிறகு அதே குரலில்,
கதையின் அடுத்த ஓட்டையைச் சொல்வதுபோல:
"போன ஆடியில ஒருக்கா
ரெண்டு கொக்கியும் எனக்க கையிலதான் இருந்துது."

எவ்வளவு நேரம்?

"ஒரு தும்மல் நேரம்."

பதிலுக்கு ஒரு கிண்டல் தேடினேன்.
வேற்றுக்கிரகத் துணிதான் நாக்கு நுனியில் நின்றது.
சாயாவில் ஆடை படிந்தது.

"அப்புறம்?"
"அப்புறம் என்னத்த. மாட்டினேன்."
எனக்கு வைத்திருந்த பாதிப் பழம்பொரியையும்
அவனே தின்றான்.

ஒன்பதே முக்காலுக்குப் போயிருக்க வேண்டிய
கருங்கல் வண்டி
பத்தேகாலுக்கு நிலையத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.
"பாத்தியா, லாஜிக்கே இல்லாம நிக்குது!"
என்று கத்திக்கொண்டே ஓடினான்.
ஒற்றைக் கை கம்பியில்,
ஒற்றைக் கால் படியில்.
பித்தான் போடாத சட்டை
முதுகுக்குப் பின்னால் எழும்பிப் படபடத்தது.

"கொக்கி எங்கலே?"

திரும்பிப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன்.
அதற்குள் வண்டி
வளைவில் ஒடித்துவிட்டது.